மாடிப் போர்ஷனுக்குக் குடி வருகிறார்கள்

அன்புள்ள முரளிக்கு,

அப்பா எழுதுகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நம் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாததா? நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு, "குளிருதான்னு கேளுங்க, கோட்டு போட்டானான்னு கேளுங்க" என்று என் தோளை இடிப்பாள். கடைசியில் அங்கே எத்தனை டிகிரி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் சொல்ல வந்தது டிகிரியில் அடங்காது. அதனால் அவள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மார்கழி மாதம், பிரசாதம் வாங்கிக்கொண்டு, வடக்கு மாட வீதியில் கோலப்பொடி பேரம் பேசிவிட்டுத்தான் வருவாள். எனக்கு அவகாசம் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து நாங்கள் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் எங்கள் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வருஷம் எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு வந்துடறோம்பா" என்றாய். உன் அம்மா "சரிப்பா, சரிப்பா" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் நடையைக் கட்டிவிட்டேன். அப்பா கோபமாகப் போகிறார் என்று நீ நினைத்திருப்பாய். மறுநாளே காவ்யா போனில், "மாமா, எங்க மேல ஏதாவது வருத்தமா?" என்று கேட்டுவிட்டாள். பாவம், மருமகளுக்கு என்ன பதில் சொல்வது? வருத்தம் இல்லையடா. நீ போன நாளிலிருந்து ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்கிறாய். நாங்களும் அதை நம்பி மந்தைவெளியில் மாடிப் போர்ஷனைப் பூட்டி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் பெருக்கித் துடைத்து வருகிறோம். நீ சொன்னதற்கு இந்த முறை "சரி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் உன்னைப் பாராட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு அது பழக்கமில்லாத வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் மாஸ்டராக இருந்தவன். ஜெயித்துவிட்டு வருகிற பையனை மைதானத்திலேயே தட்டிக்கொடுத்தால் அடுத்த ஓட்டத்தில் கோட்டை விட்டுவிடுவான் என்பது என் கட்சி. "மூச்சை ஒழுங்கா விடு, தண்ணி குடி, போ" என்பதுதான் என் அதிகபட்சப் பாராட்டு. உனக்கும் அதே கதிதான். நீ என்ஜினீயரிங்கில் சேர்ந்தபோது "பஸ் பாஸ் எடுத்துட்டியா" என்று கேட்ட ஆள் நான். ஆனால் மூன்று மாதம் உன் வீட்டில் இருந்து பார்த்ததை இன்றைக்குச் சொல்லாவிட்டால் எனக்கே அடுக்காது.

செடி கொடி விஷயத்தில் உன் பழைய லட்சணம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ பிளஸ் டூ படிக்கும்போது நாங்கள் திருப்பதிக்குப் போயிருந்தோம். "தொட்டிக்கெல்லாம் தண்ணி ஊத்துடா" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் துளசி கருகி நிற்கிறது, ரோஜா தொங்கிப் போயிருக்கிறது. ஹாலில் டி.வி. பக்கத்தில் ரங்கநாதன் தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் மணிபிளான்ட் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து, கீழே விரிப்பெல்லாம் ஈரம். "நீங்க வீட்டுக்குள்ள இருக்கறதத்தான் சொன்னீங்கன்னு நெனச்சேன்" என்று நீ திருதிருவென்று விழித்தாய். உன் அம்மா துளசிக்காக அழுதாள். நான் உன் புத்தியை நினைத்து அழுதேன். இவனை நம்பி ஒரு கீரைப் பாத்தியைக்கூட ஒப்படைக்க முடியாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான் செப்டம்பர் மாதம் வந்து இறங்கினோம். ஸ்காட்லாந்து என்றால் படத்தில் பார்த்த மலையும் ஆடும்தான் எனக்குத் தெரியும். வீடு என்று நீ போனில் காட்டியபோதெல்லாம் சுவரும் சமையலறையும்தான் தெரிந்தன. பின் கதவைத் திறந்து, "வாங்கப்பா, தோட்டம் பாருங்க" என்று கூப்பிட்டாய். நான் ஏதோ நாலு தொட்டி இருக்கும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன். முழங்கால் உயரத்துக்கு உருளைக்கிழங்குச் செடி, கம்பு நட்டுக் கயிறு கட்டி ஏற்றிவிட்ட அவரை, முட்டைக்கோசுக்கு வலை, மூலையில் ஒரு மரக் கொட்டகை, அதில் மண்வெட்டியும் முள்கரண்டி போன்ற ஒன்றும் கழுவித் துடைத்து வரிசையாக ஆணியில் தொங்குகின்றன. வரிசை என்றால் என் கண்ணுக்குத் தெரியுமடா. ஒரு பள்ளிக்கூடமே அசெம்பிளியில் நின்றாலும் எவன் அரை அடி வெளியே நிற்கிறான் என்று சொல்லிவிடுவேன். உன் பாத்திகளில் ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. "கயிறு பிடிச்சியா?" என்று மட்டும் கேட்டேன். நீ "ஆமாம்பா" என்றாய். அந்தக் கேள்விக்கு அர்த்தம், என் மனசு நிறைந்துவிட்டது என்பதுதான்.

நீங்கள் இருவரும் அந்த வீட்டை வாங்கியபோது அது எந்தக் கோலத்தில் இருந்தது என்று காவ்யா எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சுவரெல்லாம் ஈரம் ஏறிக் கறுத்துக் கிடந்ததாம். தோட்டம் என்பது இடுப்பளவு புதராம். ஆள் வைத்துச் செய்தால் கட்டுப்படியாகாது என்று அவளே ஏணி மேல் ஏறிச் சமையலறைக்கு வண்ணம் அடித்தாளாம். மருதாணி வைத்தால்கூட ஒரு நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் என்று கல்யாணத்தில் நான் கேலி செய்திருக்கிறேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், சொல்லிவிடு. நீ குதிரை லாயத்திலிருந்து எருவை மூட்டை கட்டிக் காரிலேயே ஏற்றி வந்தாயாம். ஒரு மாதத்துக்குக் காரில் ஏற முடியவில்லையாம். கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று என்னைக் கூப்பிடுகிற நீ, சாயந்திரம் டார்ச் அடித்துக்கொண்டு கோஸ் இலைக்கடியில் இருக்கிற நத்தைகளை விரலால் பிடுங்கி டப்பாவில் போடுவதை நான் ஜன்னல் வழியாக நின்று பார்த்தேன். உன் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "இவன் நம்ம முரளிதானா, ஏங்க?" என்றாள்.

ஒரே ஒரு பாத்தி மட்டும் எனக்குப் புரியவில்லை. தெற்கு வேலி ஓரமாக, மற்றதைவிட மேடாக, நல்ல மண் போட்டுக் கட்டியிருந்தாய். ஆனால் அதில் வெறும் பஞ்சு மாதிரி மெல்லிய தழை, அதுவும் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. "இதென்னடா, சவுக்குக் கன்னா?" என்று கேட்டேன். அஸ்பாரகஸ் என்றாய். உன் அம்மா குனிந்து தழையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தண்ணீர்விட்டான் இல்ல? உனக்குப் பால் கொடுக்கறப்ப மாட வீதி நாட்டு மருந்துக் கடையிலேர்ந்து வாங்கிட்டு வந்து தருவார் அப்பா" என்றாள். அதன் சொந்தக்காரன்தான் என்றாய். எப்போது சாப்பிடலாம் என்று கேட்டதற்கு, "அதுக்கு டைம் ஆகும்பா" என்று இழுத்துவிட்டு, அவரைக்காய் பறிக்கப் போய்விட்டாய். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு முட்டி வலி வந்த நாளிலிருந்து நம் வீட்டில் வாசல் தெளிப்பது என் வேலை, கோலம் போடுவது அவள் வேலை என்பது உனக்குத் தெரியும். எனக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. நம் வாசலோடு நிறுத்தமாட்டேன், பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத்தான் தெளிப்பேன். ஒரு வீட்டு வாசல் ஈரமாகவும் அடுத்த வாசல் புழுதியாகவும் இருந்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். உன் வீட்டில் மூன்று மாதமாக அந்த வேலை இல்லாமல் கை நமநமவென்று இருந்தது. மார்கழி பிறந்த அன்றைக்கு விடியும் முன்பே உன் அம்மா எழுந்து, சென்னையிலிருந்து கொண்டு வந்த கோலப்பொடியை எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னிக்காவது வாசல் தெளிச்சுக் குடுங்க, ஒரு சின்னக் கோலமாவது போடறேன்" என்றாள். உன் வீட்டில் வாளி கிடையாது. கொட்டகைக்குப் போய்ப் பூவாளியை எடுத்து வந்தேன். குரங்குக் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் உன் கோட்டு. படி, நடைபாதை, கேட் வரைக்கும் கணிசமாகத் தெளித்தேன். அடுத்த வீட்டுப் பாதையும் அதே கேட்டுக்குத்தானே வருகிறது? அதையும் விடவில்லை.

தண்ணீர் விழுந்த இடம் பளபளவென்று இருந்தது. நல்ல கருங்கல் தளம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். உன் அம்மா புள்ளி வைக்கக் குனிந்தவள், "என்னங்க இது, பொடி ஒட்டவே மாட்டேங்குது, வழுக்கிக்கிட்டுப் போவுது" என்றாள். அதே நேரம் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எண்பது வயதை எட்டப்போகிற மார்கரெட் அம்மா குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்து "குட் மார்னிங்" என்று கையைத் தூக்கினார். அந்தக் கை தூக்கியபடியே ஆள் கீழே போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாமலே இருந்திருக்கலாம். தூக்கிவிடப் பாய்ந்தவன் நானும் சறுக்கி அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். ஆயிரம் பிள்ளைகளுக்கு விழாமல் ஓடச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர், ஒரு வெள்ளைக்கார அம்மா பக்கத்தில் ஐஸ் மேல் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா படியில் நின்று, "முரளி! டேய் முரளி!" என்று மந்தைவெளிக்கே கேட்கும்படி கத்தினாள்.

நீ வந்தாய். அந்தப் பத்து நிமிஷத்தில் உன்னைப் பார்த்ததைத்தான் நான் இங்கே வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ ஓடி வரவில்லை. ஐஸை உருக்கக் கதவோரம் வைத்திருந்த உப்பு மூட்டையைப் பிரித்து, காலடிக்கு முன்னால் அள்ளி வீசி, அதன் மேல் மிதித்து மிதித்து வந்தாய். என்னைத் தாண்டிப் போய் முதலில் அந்த அம்மாவிடம் உட்கார்ந்தாய். தூக்கவில்லை. எங்கே வலிக்கிறது, விரலை அசைக்க முடிகிறதா, தலையில் பட்டதா என்று நிதானமாகக் கேட்டாய். காவ்யா போர்வை கொண்டு வந்து சுற்றினாள். மணிக்கட்டு வீங்குவதைப் பார்த்து உன் மப்ளரிலேயே தூளி மாதிரிக் கட்டினாய். அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கக்கூடாது என்று நான் வகுப்பு வகுப்பாகப் பாடம் எடுத்தவன். அன்றைக்கு அதை மறந்தவன் நான், செய்தவன் நீ.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கியது. மார்கரெட் அம்மா வலியோடு, பாதையைப் பார்த்து, ராத்திரி மழை பெய்யவில்லையே, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. என் இங்கிலீஷ் டிரில் மாஸ்டர் இங்கிலீஷ்தான், ஆனாலும் நீ பேசியது எனக்கு எழுத்துக்கு எழுத்துப் புரிந்தது. அப்பாவுக்கு ஊர் பழக்கம் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்று நீ சொல்லித் தப்பித்திருக்கலாம். எங்கள் ஊரில் நாளைத் தொடங்கும்போது வாசலைத் தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்வோம், என் அப்பா எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துச் செய்கிற ஆள், உங்களையும் பக்கத்து வீடாக நினைத்துத்தான் செய்துவிட்டார், தப்பு நடந்துபோச்சு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். குரலில் ஒரு துளி வெட்கம் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார், என் குரங்குக் குல்லாயைப் பார்த்தார், கீழே கிடந்த பூவாளியைப் பார்த்தார். பிறகு அந்த வலியிலும் சிரித்துவிட்டு, "இவர் என் பாதையையும் கழுவினாரா?" என்றார். பெற்ற பிள்ளை ஊரார் முன்னால் நம்மை நினைத்துக் கூசுவானோ என்ற பயம் ஒவ்வொரு அப்பனுக்கும் உள்ளுக்குள் இருக்கும். யாரும் வெளியே சொல்லமாட்டோம். எனக்கு அந்தப் பயம் அன்றைக்குப் போய்விட்டது, முரளி. ஐஸ் மேல் உட்கார்ந்திருந்தேன், ஆனால் மனசு குளிர்ந்தது அதனால் இல்லை.

எலும்பில் கீறல், மாவுக்கட்டு என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் நீங்கள் இருவரும் அந்த அம்மாவை விடவில்லை. காவ்யா போய்த் தலை பின்னிவிட்டாள், நீ அவர் தோட்டத்து இலைச் சருகை வாரிக் குவித்தாய், குப்பைத் தொட்டியை இழுத்து வைத்தாய். உன் அம்மா ரசம் கொடுத்தனுப்பினாள். மூக்கில் தண்ணீர் வந்தாலும் அந்த அம்மா கிண்ணத்தைக் காலி செய்துதான் அனுப்பினார். மந்தைவெளியில் எதிர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் "ஸ்கூட்டர் அங்கிள்" என்று சொன்னவன் நீ. புதிய ஊரில் குடியேறுகிறவர்களுக்கு அப்பாவாக ஒரு புத்தி சொல்ல வேண்டும் என்று கிளம்பும்போது யோசித்து வைத்திருந்தேன்: அக்கம்பக்கத்தில் பழகு, கஷ்டம் வருவதற்கு முன்னாலேயே பழகு என்று. அதை நான் சொல்வதற்கே நீங்கள் இடம் வைக்கவில்லை. மண் வெட்டும்போது முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதில் நீ இன்னும் பாஸாகவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முன்தினம், நீ ஆபீஸில் இருந்த நேரம், நான் தனியாக மார்கரெட் அம்மா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பை என் வாயால் கேட்காமல் விமானம் ஏற மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் அதை ஒரு கையால் தள்ளிவிட்டு டீ போட்டார். ஒரு கையால்தான் போட்டார், நான் பாலை ஊற்றினேன். ஜன்னல் வழியாக உன் தோட்டம் தெரிந்தது. அந்த மஞ்சள் தழைப் பாத்தியைக் காட்டி, "அதிலிருந்து முதல் கட்டு எனக்குத்தான். உங்கள் மகன் சத்தியம் செய்திருக்கிறான்" என்றார். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். இந்த வசந்தத்தில்தான் நட்டானாம். வரப்போகிற வசந்தத்தில் தொடக்கூடாதாம், வேர் பிடிக்கவேண்டுமாம். அதற்கடுத்த வசந்தத்தில்தான் முளைத்து வருகிற தண்டைக் கொஞ்சம் வெட்டலாமாம். அப்புறம் இருபது வருஷம் அதே பாத்தி கொடுத்துக்கொண்டே இருக்குமாம். "என் வயதில் அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்கிறாயே, நியாயமா என்று கேட்டேன். நீங்களும் இருப்பீர்கள், நானும் இருப்பேன் என்றான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா டீயைக் குடித்தார்.

நான் திரும்பி வந்து கொஞ்ச நேரம் அந்தப் பாத்தி ஓரத்தில் நின்றேன். அடுத்த வருஷம் ஊருக்கு வந்துவிடுகிறவன் இருபது வருஷப் பாத்தியைக் கட்டமாட்டான். எங்களிடம் ஒன்றும் அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லியிருக்கிறாய். அவரிடம் சொன்னதுதான் நிஜம். உன் மேல் கோபம் வருமா என்று என்னையே தட்டிப் பார்த்துக்கொண்டேன். வலி வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் கோபம் வரவில்லை. நான் மந்தைவெளியில் பிறந்து, மயிலாப்பூரில் படித்து, அங்கேயே விசில் ஊதி, மந்தைவெளியிலேயே ஓய்வு பெற்றவன். அடையாறு தாண்டிக் குடி போகச் சொன்னாலே எனக்குத் தூக்கம் வராது. என் பிள்ளை முகம் தெரியாத ஊரில், மண் வேறு, வானம் வேறு, பாஷை வேறு என்று இருக்கிற இடத்தில், புதர் வெட்டி, எரு சுமந்து, இருபது வருஷத்துக்கு வேர் விட்டிருக்கிறான். இதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடம் அது இல்லை.

அதனால்தான் ஏர்போர்ட்டில் நீ அப்படிச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களுக்காக நீ வருஷா வருஷம் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு இருக்கிறாயே என்ற நினைப்புதான். விமானத்தில் எனக்கு ஒரே கவலை, இதை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது. மாடிப் போர்ஷன் கட்டும்போது நீ கேட்ட பச்சை டைல்ஸுக்காக அவள் தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கியவள். அவளிடம் போய் முரளி வரமாட்டான் என்று எந்த வாயால் சொல்வேன்? வந்த முதல் வெள்ளிக்கிழமை வழக்கம்போல் துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஏறினேன். கதவைத் திறந்தாள், உள்ளே போகவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள்.

"ஏங்க, யாராச்சும் நல்ல மனுஷங்களாப் பார்த்துக் குடி வெச்சுடலாமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன், திடீர்னு?"

"திடீர்னு இல்ல. அவன் வரமாட்டாங்க."

"உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கிரைண்டர் வாங்கியிருக்கான் பார்த்தீங்க இல்ல? கோயம்புத்தூர் கிரைண்டர். இங்கேர்ந்து கப்பல்ல வரவழைச்சிருக்காங்க ரெண்டு பேரும். மிக்ஸி வெச்சிருக்கறவன் திரும்பி வருவான். கல்லு கிரைண்டர் வாங்கினவன் எங்கயாவது திரும்பி வருவானா?"

"தெரிஞ்சுமா ஏர்போர்ட்ல சரிப்பா சரிப்பான்னு சொன்னே?"

"நீங்க மனசு உடைஞ்சு போயிடுவீங்களேன்னுதான் சொன்னேன்" என்றாள் உன் அம்மா. நான் அவளுக்காக மறைத்தேன், அவள் எனக்காக மறைத்தாள், நீ எங்கள் இருவருக்காகவும் மறைத்தாய். ஒரு குடும்பத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பூட்டிய வீட்டைக் காவல் காத்திருக்கிறோம். இரண்டு பேரும் அந்த வெற்று ஹாலில் தரையில் உட்கார்ந்தோம். அவள் கொஞ்சம் அழுதாள். அப்புறம், "அந்தக் கிரைண்டர்ல மாவு நல்லாத்தான் பொங்குது" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

தை மாதம் மாடிக்கு ஆள் குடி வருகிறார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண் அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பையனுக்குக் கிண்டியில் வேலை. தேனிப் பக்கத்துப் பிள்ளைகள், சென்னைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வீடு பார்க்க வந்தபோது அந்தப் பெண் மொட்டை மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க நாலு தொட்டி வெச்சுக்கலாமா அங்கிள்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாப்பது வெச்சுக்கோம்மா" என்று நான் சொல்வதற்குள் உன் அம்மா மண் எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். உன் கிரிக்கெட் மட்டையும் கேடயங்களும் கீழே பரணில் பத்திரமாக இருக்கின்றன. பிளாஸ்டிக் மணிபிளான்ட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்.

நீ இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு போன் பண்ணாதே. அப்பா கோபத்தில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டார் என்று காவ்யாவிடம் புலம்பாதே. எங்கள் உடம்புக்கு ஏதாவது என்றால் கூப்பிடுவோம், நீ ஓடி வருவாய், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த ஐஸ் மேல் நீ எப்படி வந்தாய் என்று பார்த்தவன் நான். வயசான காலத்தில் பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஊர் சொல்லும். பக்கத்தில் இருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளை இந்தத் தெருவிலேயே எனக்குத் தெரியும். தூரத்தில் இருந்தாலும் அப்பனை நிமிர்ந்து "என் அப்பா" என்று சொல்கிற பிள்ளை எனக்கு இருக்கிறான். என் கணக்கில் நான் ஜெயித்தவன்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், இது அறிவுரை இல்லை, ஆசை. இதுவரை நீ இங்கே வரும்போதெல்லாம் என்றைக்குத் திரும்புகிறாய் என்பதைக் கடைசி நாள் வரை எங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வாய். அம்மா கேட்டால் "பார்க்கலாம்மா" என்பாய். அடுத்த முறை அப்படி வேண்டாம். வந்த அன்றைக்கே திரும்பிப் போகிற டிக்கெட்டை எடுத்து மேஜை மேல் வை. அம்மா தேதியைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் அழுவாள், பிறகு அதற்குள் என்னென்ன சமைக்கலாம் என்று ஆரம்பித்துவிடுவாள். கிளம்புகிற நாளில் மீனம்பாக்கத்தில் என் முகத்தை நேராகப் பார். அடுத்த வருஷம் என்று எதுவும் சொல்லாதே. "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேம்பா" என்று சொல். வீடு என்றே சொல், முரளி. நான் தாங்கிக்கொள்வேன்.

உன் அப்பா